மஞ்சக் கடுதாசிக்கு முந்தி ஒரு வெள்ளைக் கடுதாசி

கோவில்பட்டிக்குப் போயி ஒரு வக்கீலப் புடிச்சு மஞ்சக் கடுதாசி அனுப்பிட்டா கடன் பூராம் கரைஞ்சு போயிரும்னு உனக்கு எந்த மகராசன் சொன்னான் மருமகனே? அவனுக்கு நீ ஒரு பைசாவும் தர வேண்டியிருக்காது. தர வேண்டியிருந்தா இம்புட்டு தாராளமா யோசனை சொல்லிருக்க மாட்டான்.

இந்தக் கரிசக்காட்டுல கடன் வாங்குனவனையும் பாத்திருக்கேன், குடுத்தவனையும் பாத்திருக்கேன். பணம் கைமாறுற அன்னைக்கு ரெண்டு பேரும் சிரிப்பாக. அதுக்குப் பெறவு ஒருத்தர்தான் சிரிப்பாரு. அதுவும் வடகிழக்கு மழை நல்லாப் பேஞ்சாத்தான். இந்த வருசம் ரெண்டு பேருமே சிரிக்கலங்கிறதால உன் கதை குளத்தூர் டீக்கடை வரைக்கும் வந்துருச்சு. நீ யாருக்கு எம்புட்டு தரணும்னு உன்னைக் கேட்டாத் தலையச் சொறியுத. டீ ஆத்துறவனைக் கேட்டா பைசா சுத்தமாச் சொல்லுதான்.

மஞ்சக் கடுதாசிங்கிறது என்னன்னு தெரியுமா? 1920-ஆம் வருசம் வெள்ளைக்காரன் போட்ட மாகாணத் திவால் சட்டம். கடன் 500 ரூவா இருந்தாலே மனுப் போடலாம்னு அதுல எழுதிருக்கு. இன்னைக்கு அந்த 500 ரூவாய்க்கு அரை மூட்டை டிஏபி உரம் வராது. ஆகத் தகுதின்னு பாத்தா நம்ம ஊருல தொட்டில்ல கெடக்கிற புள்ளைகளைத் தவிர அத்தனை பேருக்கும் தகுதி இருக்கு. ஆனா மனுப் போட்டதும் ‘எல்லாம் தீந்தது, போயிட்டு வா’ன்னு யாரும் அனுப்ப மாட்டாக. திவால்னு கோர்ட்டு அறிவிச்சா உன் சொத்து ரிசீவர் கைக்குப் போயிரும். அவரு அதை வித்துப் பங்கு வைப்பாரு. நீ ஓரமா நின்னு வேடிக்கை பாக்கலாம், அதுக்குக் காசு கேக்க மாட்டாக.

அதே சட்டத்துல 38-ஆம் பிரிவுன்னு ஒண்ணு இருக்கு. உனக்கு யோசனை சொன்ன மகராசன் அந்தப் பக்கத்தைப் பெரட்டிருக்க மாட்டான். திவால்னு அறிவிச்ச பெறவும், ‘இம்புட்டுத்தான் என்னால ஆகும், இன்ன இன்ன கெடுவுல குடுக்கேன்’னு ஒரு திட்டம் எழுதிக் குடுக்கலாம். கடன் குடுத்த அத்தனை பேருக்கும் நோட்டீஸ் போகும். கணக்கை நிரூபிச்சு, நேர்லயோ வக்கீல் மூலமாவோ வந்தவகள்ல, தலைக்கணக்குல பாதிக்கு மேலயும் பணக்கணக்குல முக்காலும் சரின்னு சொல்லணும். கோர்ட்டும் ஒத்துக்கிட்டா பட்டியல்ல பேரு இருக்கிற எல்லாரையும் அது கட்டும், மொறைச்சுக்கிட்டு இருக்கிறவரையும் சேத்து.

நான் சொல்றது என்னன்னா, கோர்ட்டுல எழுதப்போற அந்தக் கடுதாசியை இப்பமே திண்ணையில உக்காந்து ஒரு வெள்ளைத் தாள்ல எழுது. கோர்ட்டுக்குப் போகாமலே முடிஞ்சா நல்லது. போக வேண்டி வந்தாலும் அதே தாள்தான் கைகுடுக்கும்.

மொதல்ல யாரு யாருக்கு எம்புட்டுன்னு எழுது. எழுதும்போது ரோசப்பட்டு ரெண்டு பேரை மறைக்காதே. பட்டியல்ல பேரு இல்லாதவரை அந்தத் திட்டம் கட்டாது, அவரு தனியா வந்து உன் வேட்டியப் புடிப்பாரு. டீக்கடைக் கணக்குப்படி நான் சொல்லுதேன், தப்பா இருந்தாத் திருத்து. வத்தல் கமிஷன் கடைக்கு ஒண்ணரை லட்சம். உரக்கடைக்கு 60,000. வட்டிக்குக் குடுத்தவருக்கு ஒரு லட்சம். மச்சினன் கைமாத்து 50,000. சம்பந்தி 40,000. ஆக மொத்தம் 4 லட்சம். அதுல காதுகுத்துக்கு வச்ச பிளக்ஸ் பேனர் எம்புட்டுன்னு நான் கேக்கல. ஆனா கோர்ட்டு கேக்கும். வசதிக்கு மீறி ஆடம்பரமாச் செலவழிச்சது, சூதாடுனது, அடைக்க முடியாதுன்னு தெரிஞ்சே வாங்குனது, இதெல்லாம் வெளிய வந்தா, ரூவாய்க்கு ஆறணாவாவது கெடைக்கும்னு தக்க ஜாமீன் காட்டாமத் திட்டத்தை ஒத்துக்கிட மாட்டாக. அணா செத்து எத்தனையோ வருசமாச்சு, அந்தச் சட்டத்துக்குள்ள மட்டும் இன்னும் உசுரோட இருக்கு.

பேங்க்குல இருக்கிற நகைக் கடனை இந்த 4 லட்சத்துல சேக்காதே. நகை அவுக பெட்டியில இருக்கிற வரைக்கும் அவுக எந்தக் கூட்டத்துக்கும் வர மாட்டாக, ஏல நோட்டீஸ்தான் வரும். சொசைட்டிப் பயிர்க்கடனையும் தனியா வையி. கெடுவுக்குள்ள கட்டுனா அதுக்கு வட்டியே கெடையாது. வட்டி இல்லாத கடனைத் தவற விட்டுட்டு, அந்தக் காசைக் கொண்டுபோயி வட்டிக்காரருக்குக் கட்டுற புத்திசாலிகளையும் இந்த ஊருல பாத்திருக்கேன், பேரு சொல்ல மாட்டேன், உன் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி. உன் பொண்டாட்டி பேருல இருக்கிற குழுக் கடனும் வேற சோலி. அதுல நீ தவணை தவறுனா தெருவுல உள்ள மத்த பொம்பளைக மூஞ்சியில அவ முழிக்க முடியாது. இதுக எல்லாத்துக்கும் எடுத்து வச்சது போக மிஞ்சுறதுதான் அந்த அஞ்சு பேருக்கு.

அப்புறம் சோத்துச் செலவை எழுது. ‘பட்டினி கெடந்தாவது கட்டுவேன்’னு வீராப்பு எழுதாதே. கடன் குடுத்தவரு வெவரமானவரு, பட்டினி கெடக்கிறவன் மூணாவது தவணையில ஓடிப்போவான்னு அவருக்குத் தெரியும். சட்டமே உனக்குக் கொஞ்சம் விட்டு வச்சிருக்கு. சிவில் நடைமுறைச் சட்டம் 60-ஆம் பிரிவுல, உடுப்பு, சமையல் ஏனம், படுக்கை, வழக்கப்படி பொம்பளை கழட்டக் கூடாத நகை, சம்சாரியோட உழவுச் சாமான், பொழைப்புக்கு வேண்டிய மாடு, வெதைத் தானியம், அவன் குடியிருக்கிற வீடு, இதுகளை ஜப்தி பண்ணக் கூடாதுன்னு இருக்கு. உன் புல்லட் வண்டி அந்தப் பட்டியல்ல இல்ல. தேடிப் பாத்துட்டேன்.

வரவை மாசாமாசம்னு எழுதாதே. நீ சர்க்கார் உத்தியோகமா பாக்க? புரட்டாசியில காஞ்ச மண்ணுல வெதைச்சுட்டு வானத்தைப் பாக்கிற மானாவாரிச் சம்சாரி. உளுந்தும் பாசியும் தையில வீடு வரும், வத்தல் மாசி பங்குனியில களத்துல காயும். அப்பத்தான் உன் கையில துட்டு. வருசத்துக்கு 80,000 மிச்சம் புடிக்கலாம்னா, தைக் கடைசியில 30,000, பங்குனிக் கடைசியில 50,000ன்னு எழுது. 4 லட்சத்துக்கு 80,000ன்னா ரூவாய்க்கு 20 பைசா. கமிஷன் கடைக்கு 30,000, உரக்கடைக்கு 12,000, வட்டிக்காரருக்கு 20,000, மச்சினனுக்கு 10,000, சம்பந்திக்கு 8,000. அஞ்சு வருசத்துல அசல் முடியும்.

எல்லாருக்கும் ஒரே 20 பைசா. இங்கதான் சூட்சுமம் இருக்கு, கூர்ந்து கேளு. குடுத்தவகளுக்கு உன் மேல பயம் கெடையாது மருமகனே, உன் வண்டவாளம் அவுகளுக்குத் தெரியும். அவுக பயப்படுறது ஒருத்தருக்கொருத்தர்தான். உரக்கடைக்காரரு ராத்திரி தூங்காம யோசிக்கிறது ‘இவன் தருவானா’ன்னு இல்ல, ‘கமிஷன் கடைக்காரரு முந்திக்கிடுவாரோ’ன்னு. அந்தப் பயத்தாலதான் எல்லாரும் ஒரே நாள்ல வந்து கதவைத் தட்டுதாக. யாரும் முந்த முடியாது, எல்லாருக்கும் ஒரே அளவுன்னு தாள்ல கண்டா பாதிச் சத்தம் தானா அடங்கிரும்.

மீதிச் சத்தம் எப்படி இருக்கும்னு சொல்லுதேன்.

கமிஷன் கடைக்காரரு கோவப்பட மாட்டாரு, டீ வாங்கிக் குடுப்பாரு. அதுதான் ஆபத்து. ‘கெடு தாரேன், ஆனா வத்தலை வேற எங்கயும் போடக் கூடாது’ம்பாரு. சரின்னு சொல்லு, அதுக்குக் கீழ ரெண்டு வரி சேத்து எழுது. அன்னைக்குச் சந்தை வெலைதான் வெலை, எடைச் சீட்டு என் கைக்கு வரணும். அதை எழுதாம விட்டியன்னா, அஞ்சு வருசம் அசலையும் கட்டி வெலையிலயும் கட்டுவ.

உரக்கடைக்காரரு ‘இனிமே ரொக்கத்துக்குத்தான் மூட்டை’ம்பாரு. நியாயந்தான். மொகம் சுளிக்காதே. பழைய பாக்கிக்குக் கெடு குடுத்தவரு புதுசாவும் கடன் குடுத்தா, அவரும் உன்கூட மஞ்சக் கடுதாசி எழுத வேண்டியதுதான்.

மச்சினன் ‘பணமா அத்தான் பெரிசு’ம்பான். அடுத்த விசேச வீட்டுல பந்தியில உக்காந்து, பெரிசுதான்னு பத்துப் பேர்கிட்டச் சொல்லுவான். அவனுக்கும் தாள்ல கையெழுத்து வாங்கு. சம்பந்தி ஒண்ணுமே பேச மாட்டாரு, உன் மக வழியாத்தான் பேசுவாரு. ஆகவே அவருக்குப் போற 8,000 ஒரு நாளும் தவறக் கூடாது.

வட்டிக்குக் குடுத்தவரு மொதல்ல சிரிப்பாரு, அப்புறம் கத்துவாரு, அப்புறம் ‘எனக்கு மட்டும் முன்னாடி முடிச்சு விடு’ன்னு காதோரமா வந்து பேசுவாரு. மூணாவதுக்குத்தான் நீ மயங்குவ. மனுப் போடுறதுக்கு முந்தின மூணு மாசத்துக்குள்ள ஒருத்தருக்குச் சலுகை காட்டணும்னே தூக்கிக் குடுத்திருந்தா, அதைச் செல்லாதுன்னு திருப்பி வாங்கலாம்னு அதே 1920 சட்டம் சொல்லுது. புஞ்சையை மச்சினன் பேருக்கு எழுதி வைக்கலாமான்னு முந்தாநாள் உங்க அம்மாகிட்டக் கேட்டியாமே. ரெண்டு வருசத்துக்குள்ள சும்மா எழுதி வச்ச கிரயத்தைக் கோர்ட்டு கலைச்சுப் போடும். கணக்கை ஒளிச்சு மோசடி பண்ணுனா ஒரு வருசம் வரைக்கும் உள்ள தள்ளலாம். அப்படியும் கோர்ட்டு கலைக்காம விட்டுட்டா அதை விட மோசம், மச்சினன் திருப்பித் தர மாட்டான்.

வட்டிக்காரரு விசயத்துல இன்னும் மூணு இருக்கு. அவருகிட்ட நீ வெத்துப் புரோநோட்டுலயும் வெத்துச் செக்குலயும் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்க. இல்லன்னு சொல்லாதே, போடும்போது உன் பேனா எழுதலன்னு டீக்கடையிலதான் பேனா வாங்கிருக்க. அந்தச் செக்கைப் பேங்க்குல போட்டுத் திரும்பி வந்தா, 30 நாளுக்குள்ள நோட்டீஸ் விடுவாரு, உனக்கு 15 நாள் கெடு. நோட்டீசைத் திருப்பி அனுப்பிட்டு ஒளியாதே, வக்கீல வச்சுப் பதில் போடு. ரெண்டாவது, நோட்டுல உன் பெரியப்பா மகன் ஜாமீன். ஜாமீன்தாரரைக் கேக்காமக் கெடுவை நீட்டிக் குடுத்தா ஜாமீன் கழண்டு போகும், அது ஒப்பந்தச் சட்டம் 135-ஆம் பிரிவு. ஆகவே அவனையும் கூட்டிட்டு வரச் சொல்லுவாரு. நீ முந்தியே போயி அவன்கிட்டச் சொல்லிரு. மூணாவது, நோட்டுக்கு மூணு வருசந்தான் ஆயுசு. அதுக்குள்ள நீ கெடுக் கேட்டு எழுதுற தாளே கடனை ஒத்துக்கிட்ட சாட்சியாகி, அன்னையில இருந்து புதுசா மூணு வருசம் ஓடும். ‘ஐயோ, அப்ப எழுத மாட்டேன்’னு எந்திரிக்காதே. அடைக்க நெனைக்கிறவனுக்கு அதுல நட்டம் இல்ல. ஏமாத்த நெனைக்கிறவனுக்குத்தான் நட்டம். நீ எந்தக் கச்சின்னு உனக்கே இப்பத் தெரிஞ்சிரும்.

வட்டி அநியாய வட்டின்னா அதுக்கும் சட்டம் இருக்கு. 2003-ல தமிழ்நாட்டு அரசு போட்ட சட்டத்துல தின வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல்னு நம்ம ஊருப் பேரைச் சொல்லியே தடுத்திருக்கு. அதுக்கு முந்தி, 1938-ல ராஜாஜி மந்திரிசபை விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் போட்டப்ப, வட்டியோ அசலோ அசலைப் போல ரெண்டு மடங்கு கட்டி முடிச்சிருந்தா அந்தக் கடனே தீந்ததுன்னு எழுதுனாக. அது அந்தக் காலத்துக் கடனுக்கு, உனக்கு ஆகாது. ஆனா ‘அசலுக்கு மேல இம்புட்டுக் கட்டிட்டேனே’ன்னு பேச அந்தக் கணக்கு ஒதவும், வரவு வச்ச தேதிகளை எடுத்துட்டுப் போ. மெரட்டுனா மட்டும் மறைக்காதே. 2017 அக்டோபர்ல திருநெல்வேலி கலெக்டர் ஆபீஸ்ல, கந்து வட்டிக் கொடுமைன்னு மனுக் குடுத்துக் குடுத்து அலுத்த ஒரு குடும்பம் புள்ளைகளோட தீக்குளிச்சுச் செத்துச்சு. எதையும் கேலி பேசுற நான் அதைக் கேலி பேச மாட்டேன். கடன் எம்புட்டு இருந்தாலும் அது காசு கணக்குத்தான், உசுருக் கணக்கு இல்ல. அடைக்க வழியில்லாத ஏழையைக் கடனுக்காகச் சிறையில தள்ளக் கூடாதுன்னு 1980-லயே சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்புச் சொல்லிருக்கு, கிருஷ்ணய்யர் ஜட்ஜு எழுதுனது.

இப்ப ஓட்டுக் கணக்குக்கு வா. அஞ்சு பேருல வட்டிக்காரரு ஒருத்தரு முறுக்கிக்கிட்டா? மத்த நாலு பேருக்கும் சேத்து 3 லட்சம். 4 லட்சத்துல சரியா முக்கால். தலைக்கணக்கும் நாலு. திட்டம் நிக்கும். கமிஷன் கடைக்காரரு முறுக்கிக்கிட்டா? மீதி இரண்டரை லட்சந்தான், முக்கால் வராது. ஆகக் கோர்ட்டு வாசலுக்குப் போனா சத்தம் போடுறவரு உன் தலையெழுத்தை எழுத மாட்டாரு, டீ வாங்கிக் குடுத்தவருதான் எழுதுவாரு. நீ இத்தனை நாளும் கத்துறவருக்குப் பயந்து, சிரிக்கிறவரை மறந்துட்ட. அவரைத்தான் மொதல்ல போயிப் பாக்கணும்.

2016-ல புதுசா ஒரு திவால் சட்டம் வந்திருக்கே, அதுல கடன் அடைக்கிற திட்டம்னே ஒரு அத்தியாயம் இருக்கேன்னு உன் மகன் செல்போனைக் காட்டுவான். இருக்கு. அதுலயும் பணக்கணக்குல முக்காலுக்கு மேல ஓட்டு வேணும். ஆனா அந்தப் பகுதியை 2019 டிசம்பர் 1-ல இருந்து கம்பெனிக் கடனுக்கு ஜாமீன் நின்னவகளுக்குத்தான் அமலுக்குக் கொண்டு வந்தாக. நீ ஜாமீன் நின்ன கம்பெனி எதுவும் குளத்தூருல இல்ல. உனக்கு வெள்ளைக்காரன் சட்டந்தான்.

மழை பொய்ச்சா என்ன பண்ணப் போறன்னு தாள்ல ஒரு வரி இருக்கணும். அதை எழுதாத திட்டம் கரிசக்காட்டுல மொத வருசமே சாகும். ‘வெள்ளாமை பாதிக்குப் பாதி போச்சுன்னா, அடங்கல்படி வி.ஏ.ஓ. எழுதிக் குடுத்தா, அந்த வருசத் தவணை கடைசி வருசத்துக்குப் பின்னால போகும். பயிர் இன்சூரன்ஸ் வந்தா அதுலயும் எல்லாருக்கும் ஒரே அளவு.’ பேங்க்குல பயிர்க்கடன் இருந்தா இதையே அங்கயும் கேளு. இயற்கைச் சேதத்துல 33 சதவீதமோ அதுக்கு மேலயோ பயிர் போனா கடனைத் திருத்தி எழுதலாம், 50 சதவீதமோ அதுக்கு மேலயோ போனா அஞ்சு வருசம் வரைக்கும் நீட்டலாம்னு ரிசர்வ் வங்கி 2018-ல வழி சொல்லிருந்துச்சு, இப்ப எப்படின்னு பேங்க்குல கேளு. கேக்காதவனுக்கு யாரும் வீட்டுக்கு வந்து சொல்ல மாட்டாக.

ஒருத்தரு ‘எனக்கு அஞ்சு வருசம் பொறுமை இல்ல, கொறைச்சு வாங்கிட்டு இப்பமே முடிச்சுக்கிடுதேன்’னா அதுவும் செல்லும். கொறைஞ்ச தொகையை முழுக் கணக்குக்கும் ஏத்துக்கிட நம்ம ஒப்பந்தச் சட்டம் 63-ஆம் பிரிவு எடம் குடுக்கு. ‘முழுப் பாக்கியும் தீந்தது’ன்னு எழுதி வாங்கி, நோட்டையும் செக்கையும் கையில வாங்காமப் பணத்தை எண்ணாதே. அந்தப் பணத்துக்குத் திட்டத்துல இருந்து ஒரு பைசா எடுக்காதே, மத்தவகளுக்கு அது தெரிஞ்ச நிமிசமே தாளு கிழியும். பேங்க்குல இப்படி முடிச்சா உன் பேருக்கு நேரா ‘செட்டில்டு’ன்னு பதிவாகும், அடுத்த கடன் கேக்கப் போகையில மேனேஜர் அதைத்தான் மொதல்ல பாப்பாரு. உனக்கு அடுத்த கடன் கெடைக்காமப் போனா அதுல உங்க அம்மாவுக்குச் சந்தோசந்தான்.

பேசி முடிவானா அதை மக்கள் நீதிமன்றத்துல வச்சு எழுதிக்கிடுங்க. அங்க போட்ட முடிவு கோர்ட்டுத் தீர்ப்பு மாதிரியே செல்லும், அப்பீல் கெடையாது. தாலுகா சட்டப் பணிகள் குழுவுல போயிக் கேளு. பொம்பளைகளுக்கும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி மக்களுக்கும் வருமானம் எம்புட்டுன்னாலும் இலவச வக்கீல் உண்டு. அந்தக் குழுக் கடன் சோலிக்கு உன் பொண்டாட்டியை அனுப்பு. அவ உன்னை விட நல்லாப் பேசுவா, ஊரே கேட்டிருக்கு.

ஒண்ணு மட்டும் நெஞ்சுல வையி. திட்டம் போட்டுத் தவணை தவறுனா கோர்ட்டு அதைக் கலைச்சு மறுபடியும் உன்னைத் திவாலாக்கலாம். ஊரும் அப்படித்தான். ஆகவே 80,000-க்கு மேல முடியும்னாத்தான் 80,000ன்னு எழுது. அதிகமாக் கட்டுனவனை யாரும் கேள்வி கேட்டதில்ல.

அஞ்சு பேரையும் தனித்தனியாப் போயிப் பாத்துக் கெஞ்சாதே. கமிஷன் கடைக்காரர்கிட்ட மட்டும் முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லிட்டு, மத்த எல்லாரையும் ஒரே நாள்ல, ஒரே திண்ணையில உக்கார வச்சு, ஒரே தாளை வாசி. எழுதப் பேனா இல்லன்னா என்கிட்ட இருக்கு, தாரேன். சாயங்காலத்துக்குள்ள திருப்பிக் குடுத்துரணும்.